போர்ச்சுகீசியத்தில் ‘நான் இப்படி இருக்கிறேன்’ என்று சொல்ல எந்த வினைச்சொல்லைப் போடுவது?

இன்னும் இரண்டு மாதத்தில் லிஸ்பன் போகிறீர்கள். உங்களைப் பற்றியும் அன்றாட நிலையைப் பற்றியும் சொல்ல எந்த வினைச்சொற்களை முதலில் படிக்க வேண்டும், ‘ஸேர்’, ‘இஷ்தார்’ இரண்டுக்குமே ‘இரு’ என்று பொருள் என்றால் எதை எங்கே போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தூத்துக்குடிக்காரி. ஆறு வருஷமாக லிஸ்பனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். பசிக்கிறது, குளிருகிறது, கால் வலிக்கிறது, தூக்கம் வருகிறது: நாள் முழுக்க என் காதில் விழும் போர்ச்சுகீசியம் பெரும்பாலும் இதுதான். அதனால் இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் உச்சரிப்பு. கீழே எழுதுவது எல்லாம் போர்ச்சுகலில் பேசுகிற மாதிரி, கிட்டத்தட்ட. சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’ அங்கே ‘ஷ்’ ஆகிவிடும். ‘வ்ங்’, ‘ய்ங்’ என்று நான் எழுதும் இடங்களில் மூக்கால் இழுத்து விடுங்கள், ‘ங்’கை அழுத்த வேண்டாம். நம்முடைய ‘ஞ’ அந்த மொழியில் அப்படியே இருக்கிறது, அது நமக்கு லாபம்.

வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதி இது: நிரந்தரம் என்றால் ஸேர், தற்காலிகம் என்றால் இஷ்தார். இந்த விதியை நம்பி ஒரு வருஷம் தடுமாறினேன். ‘நான் மாணவி’ என்பதற்கு ஸேர். மாணவியாக எத்தனை வருஷம் இருக்க முடியும்? ‘மணி மூணு’ என்பதற்கும் ஸேர்தான். மணியைப் போல நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுவது வேறு என்ன இருக்கிறது? இன்னொரு பக்கம், ‘இறந்துவிட்டார்’ என்ற நிலையைச் சொல்ல இஷ்தார்: ‘இஷ்தா மோர்து’. அதைவிட நிரந்தரமான நிலை கிடையாது. விதி மூன்று இடத்திலும் தோற்றுவிட்டது.

எனக்கு வழி காட்டியது தமிழ்தான். மேலே சொன்ன வாக்கியங்களைத் தமிழில் இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். ‘நான் மாணவி.’ ‘மணி மூணு.’ வினைச்சொல்லே இல்லை. பள்ளிக்கூடத்தில் பெயர்ப் பயனிலை என்று படித்தோமே, அதுதான். தமிழில் வினை இல்லாமல் வாக்கியம் முடிகிற இடத்தில் போர்ச்சுகீசியர் ஸேர் போடுகிறார்கள். ‘இரு’ இல்லாமல் தமிழில் முடியாது என்கிற இடத்தில் இஷ்தார் போடுகிறார்கள்.

நான் இந்தியாக்காரி: ‘ஸோ இந்தியான’. ஆண் என்றால் ‘இந்தியானு’. நான் நர்ஸ், நான் டிரைவர், இவர் என் கணவர், இன்றைக்குத் திங்கட்கிழமை, எல்லாமே ஸேர். கல்யாணம் எங்கே? ‘கல்யாணம் மதுரையில்’ என்று வினை இல்லாமல் சொல்கிறோம், அவர்களும் விழா நடக்கும் இடத்துக்கு ஸேர்தான் போடுகிறார்கள். இது தெரிந்த அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் கொஞ்சமில்லை.

இப்போது இஷ்தார். வீட்டில் இருக்கிறேன்: ‘இஷ்தோ எங் காஸ’. களைப்பாக இருக்கிறேன்: ‘இஷ்தோ கன்ஸாத’, ஆண் சொன்னால் ‘கன்ஸாது’. உட்கார்ந்திருக்கிறேன்: ‘இஷ்தோ ஸென்தாத’. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்: ‘இஷ்தோ அ குமேர்’. பிரேசிலில் இதையே ‘இஸ்தோ கொமேந்து’ என்பார்கள். கவனித்தீர்களா, ‘உட்கார்ந்திருக்கிறேன்’, ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதன் வாலில் நமக்கு ‘இரு’ தொங்குகிறது. அங்கே அதே வேலையை இஷ்தார் செய்கிறது. கதவு நூறு வருஷமாக மூடியிருந்தாலும் ‘மூடியிருக்கு’தான், ஆகவே ‘இஷ்தா ஃபெஷாத’. எவ்வளவு காலம் என்பது கணக்கே இல்லை. ஒரு நிலைக்கு வந்து அதில் இருக்கிறது, அவ்வளவுதான். இஷ்தார் பிறந்த லத்தீன் வினைக்கு ‘நில்’ என்று பொருள். ஒரு நிலையில் நிற்பது என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

எல்லா இடத்திலும் இது சரியாகப் பொருந்தாது என்று உங்களுக்கே தோன்றியிருக்கும். ‘அவ உயரமா இருக்கா’ என்று ‘இரு’ போட்டுச் சொல்கிறோமே, அங்கே ஸேர் அல்லவா வருகிறது? ஆமாம், ‘எ ஆல்த’. ஆனால் ‘ஆள் நல்ல உயரம்’ என்று வினை இல்லாமலும் சொல்லலாம். அப்படிச் சொல்ல முடிந்தால் ஸேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட நுணுக்கமான ஒரு சோதனை நம்மிடம் இருக்கிறது. ‘இருக்கு’, ‘இருக்கும்’ இரண்டையும் யோசியுங்கள். ஒரு ஹோட்டலைப் பற்றி ‘அங்க சூப் நல்லா இருக்கும்’ என்றால் அது அந்தக் கடையின் குணம். கரண்டியை வாயில் வைத்துவிட்டு ‘சூப் நல்லா இருக்கு’ என்றால் இந்தக் கிண்ணம், இந்த நேரம். முதலாவது ‘அ ஸோப எ போவ’, இரண்டாவது ‘அ ஸோப இஷ்தா போவ’. மனுஷருக்கும் அப்படியே. ‘அவ அமைதியா இருப்பா’ என்றால் ‘எ கால்ம’. ‘அவ இன்னைக்கு அமைதியா இருக்கா’ என்றால் ‘இஷ்தா கால்ம’. தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் மூன்று வயதிலேயே காதில் ஏறியிருக்கிறது. ஆங்கிலம் வழியாகப் போர்ச்சுகீசியம் படித்தால் இது கையை விட்டுப் போய்விடுகிறது, ஏனென்றால் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாலை, எண்பது தாண்டிய ஒரு அம்மாவுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். ‘ஸோ கன்ஸாத’ என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: ‘நாவ்ங், ஃபில்ய. இஷ்தாஷ் கன்ஸாத.’ ஃபில்ய என்றால் மகளே. களைத்துப்போனவள் என்பதே நீ யார் என்று ஆகிவிடக் கூடாது, இன்றைக்குக் களைத்திருக்கிறாய், தூங்கி எழுந்தால் போய்விடும். இந்த விளக்கத்தை அவர் சொல்லவில்லை. அந்தப் பிடியிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

அடுத்த வினை ‘தேர்’. அதற்குச் சரியான பொருள் வைத்திரு, கொண்டிரு என்பது. ஆனால் நீங்கள் மனதில் வைக்க வேண்டிய சொல் ‘எனக்கு’. எனக்கு முப்பத்தெட்டு வயசு: ‘தெஞு த்ரீந்த இ ஓய்து அனுஷ்’. எனக்கு ரெண்டு பிள்ளைங்க: ‘தெஞு தோய்ஷ் ஃபில்யுஷ்’. எனக்குக் காய்ச்சல்: ‘தெஞு ஃபெப்ர்’. பசி ‘ஃபோம்’, தாகம் ‘ஸேத்’, குளிர் ‘ஃப்ரீயு’, தூக்கம் ‘ஸோனு’, பயம் ‘மேது’, அவசரம் ‘ப்ரெஸ’. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘தெஞு’ போட்டால் முழு வாக்கியம் ஆகிவிடும். வயதைச் சொல்லும்போது ஆங்கிலப் பழக்கத்தில் ‘ஸோ’ வாயில் வந்துவிடும், ஜாக்கிரதை. தமிழில் நினைத்தால் வராது. இதே பசியை ‘இஷ்தோ கோங் ஃபோம்’ என்றும் சொல்லலாம், பசியோடு இருக்கிறேன் என்கிற மாதிரி. பிரேசிலில் இதுதான் அதிகம், போர்ச்சுகலிலும் தினமும் கேட்பீர்கள்.

வலி மட்டும் தனி. ‘தோய்-ம அ கபேஸ’ என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. வலிக்கிறது, எனக்கு, தலை. மூன்று சொல்லும் தமிழில் இருக்கிற அதே உறவில் நிற்கின்றன. ‘நான்’ இல்லை, வலிப்பது தலை, படுவது எனக்கு. கால்கள் என்றால் பன்மை: ‘தோயெய்ங்-ம அஷ் பெர்னஷ்’. என் வேலையில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இதைக் கேட்கிறேன். ஆனால் ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்குத் தெரியும்’ இரண்டையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே அவர்கள் ‘நான்’ போட்டுத்தான் சொல்கிறார்கள்: ‘கோஷ்து த’, ‘ஸெய்’.

மருந்துக்கடைக்குப் போகுமுன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். போர்ச்சுகலில் ‘இஷ்தோ கொன்ஷ்திபாத’ என்றால் சளி பிடித்திருக்கிறது என்று பொருள். ஆங்கிலச் சொல்லை நினைத்து மலச்சிக்கலுக்கு அதைச் சொன்னால் ஜலதோஷ மாத்திரைதான் கையில் வரும்.

‘ஃபிகார்’ என்ற வினையைத் தொடக்கப் பாடங்களில் தள்ளிப்போடுகிறார்கள். எனக்கு அது சரியென்று படவில்லை, முதல் வாரமே தேவைப்படும் சொல் அது. மூன்று வேலை செய்கிறது. கட்டடம் எங்கே இருக்கிறது என்று கேட்க: ‘ஓந்த் ஃபீக அ ஃபர்மாஸிய?’, மருந்துக்கடை எங்கே இருக்கு? ஓர் இடத்திலேயே தங்கிவிட்டதைச் சொல்ல: ‘ஃபிகெய் எங் காஸ’, வீட்டிலேயே இருந்துவிட்டேன். மூன்றாவது, ஒரு நிலைக்கு மாறிவிட்டதைச் சொல்ல: ‘ஃபிகெய் துவேந்த்’, நோயில் விழுந்துவிட்டேன். ‘இஷ்தோ துவேந்த்’ என்றால் இப்போது உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் ஆகும், ஃபிகார் போட்டால் அது வந்த கதையும் சேர்ந்துகொள்ளும்.

‘பால் இருக்கா?’ என்று கடையில் கேட்கிற ‘இரு’ இவை எதுவும் இல்லை. அது எங்கள் ஊர்ப் பக்கத்து ‘உண்டா?’. போர்ச்சுகலில் அதற்கு ஒற்றை எழுத்து: ‘ஆ’. ‘ஆ லெய்த்?’, பால் உண்டா?

பெயரைச் சொல்ல ‘ஷமு-ம’ என்று தொடங்கிப் பெயரைச் சேர்த்தால் போதும். பிரேசிலில் ‘மி’ முன்னால் வந்துவிடும். மரியாதை நமக்குப் புதிதல்ல: நீ என்றால் ‘இஷ்தாஷ்’, நீங்கள் என்றால் ‘இஷ்தா’. வயதானவர்களிடமும் அலுவலகத்திலும் ‘இஷ்தா’வை விடாதீர்கள். ‘நான்’ என்ற சொல்லைப் பெரும்பாலும் விட்டுவிடலாம், ‘இருக்கிறேன்’ என்றாலே யார் என்று நமக்குத் தெரிகிற மாதிரி ‘இஷ்தோ’ என்றாலே தெரியும். பெண்களிடம் ‘இஷ்தாஷ் போவ?’ என்று நலம் விசாரிப்பது சாதாரணம். அதே ‘போவ’வுக்கு ஸேர் போட்டு ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் அவள் உடலைப் பற்றிய கொச்சைப் பேச்சாகிவிடலாம். வினை ஒன்று மாறினால் அவ்வளவு தூரம் போகும்.

பழகுவதற்கு வாக்கியம் வேண்டுமென்றால் உங்கள் வீட்டிலிருந்தே எடுங்கள். ‘அ ஷாவ் இஷ்தா ந மேஸ’: சாவி மேஜையில் இருக்கு. ‘அ ஜனெல இஷ்தா அபெர்த’: ஜன்னல் திறந்திருக்கு. ‘அ துவால்ய இஷ்தா நு அர்மாரியு’: துவாலை அலமாரியில் இருக்கு. சாவி, மேஜை, ஜன்னல், துவாலை, அலமாரி ஐந்தும் போர்ச்சுகீசியர் நம் கரைக்குக் கொண்டுவந்த சொற்கள். இலங்கைத் தமிழர் என்றால் கதிரை, குசினி, சப்பாத்து, பாண் என்று இன்னும் நான்கு சேர்த்துக்கொள்ளலாம். 16ஆம் நூற்றாண்டில் எங்கள் முத்துக்குளித்துறையில் வாழ்ந்த அன்ரீக்கே அன்ரீக்கஸ் பாதிரியார் தமிழ் இலக்கணத்தைப் போர்ச்சுகீசியத்தில் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தந்த தமிழ் நூல்தான். அந்த இலக்கணத்தின் கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன். நம் ‘இருக்கிறேன்’ என்ற சொல்லோடு அவரும் ஒரு காலத்தில் மல்லுக்கட்டியிருப்பார்.

முதல் இரண்டு வாரம் நிகழ்காலம் மட்டும் போதும். ஸேருக்கு ஸோ, எஷ், எ, ஸோமுஷ், ஸாவ்ங். இஷ்தாருக்கு இஷ்தோ, இஷ்தாஷ், இஷ்தா, இஷ்தாமுஷ், இஷ்தாவ்ங். தேருக்கு தெஞு, தெய்ங்ஷ், தெய்ங், தேமுஷ், தெய்யெய்ங். எழுதி மனப்பாடம் செய்வதைவிட, சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் உங்கள் நிலையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருங்கள். இறந்தகாலத்தை அப்புறம் தொடுங்கள். அங்கே ‘ஃபுய்’ என்ற ஒரே சொல்லுக்கு ‘இருந்தேன்’ என்றும் ‘போனேன்’ என்றும் இரண்டு பொருள், இப்போதே அதில் நுழைந்தால் குழப்பம்தான்.

லிஸ்பனில் இறங்கியதும் யாருக்காவது போன் செய்வீர்கள். எடுத்தவுடன் அந்தப் பக்கம் ஹலோ வராது. ‘இஷ்தோ?’ என்று ஒரு குரல் கேட்கும். ‘இருக்கிறேன்’ என்று பொருள். பயந்து வைத்துவிடாதீர்கள். ‘போங் தீய’ என்று காலை வணக்கம் சொல்லி, ‘ஷமு-ம’ என்று தொடங்கி உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.