புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்

நாமக்கல் பக்கமிருந்து ஓர் அப்பா எழுதியிருக்கிறார். மகள் எம்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருடம் முடிக்கப்போகிறாள். “கூடப் படிக்கிறவங்க எல்லாம் புராஜெக்ட் சென்டர்ல பணம் கட்டிட்டாங்க. கோடிங், ரிப்போர்ட், ஜர்னல் பேப்பர் எல்லாம் சேர்த்து முப்பதாயிரமாம். இவ மட்டும் நானே பண்றேன்னு பேப்பர் பேப்பரா படிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், இங்கிலீஷ்ல எழுத வருமான்னும் பயமா இருக்கு. என் மச்சான் பெங்களூர்ல ஐ.டி.ல இருக்கார். எம்.இ.யை விட்டுட்டு அமெரிக்காவுக்கு எம்.எஸ். அனுப்புங்க, நிலத்தை வெச்சு லோன் போடலாம்ங்கிறார்.”

ஐயா, உங்கள் மகள் சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறாள். ஆபத்தில் இருப்பது உங்கள் நிலப்பத்திரம். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுத்துறை வங்கிகள் பெரும்பாலும் சொத்து ஜாமீன் கேட்கும். அமெரிக்க எம்.எஸ். செலவு அதற்குள் அடங்காது. அங்கே விசா கிடைக்கும், வேலை கிடைக்கும், டாலரில் கடனை அடைத்துவிடலாம் என்று மூன்று நம்பிக்கைகளை அடுக்கி அதன்மேல் நிலத்தை வைக்கச் சொல்கிறார் மச்சான். அங்கே போக அவளுக்கு ஆசை உண்டா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவளைக் கேட்காமல் எந்தக் கையெழுத்தும் போடாதீர்கள்.

அந்த முப்பதாயிரத்தையும் கொடுக்காதீர்கள். சென்டரில் வாங்கும் ரிப்போர்ட் இன்னொரு கல்லூரியிலும் விற்கப்பட்டிருக்கலாம். யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். மூன்று நாளில் அச்சேற்றித் தரும் ஜர்னலுக்கும் அவள் பெயரில் மதிப்பு வராது. நல்ல ஜர்னல்கள் இவை என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியலை 2025ல் கைவிட்டுவிட்டது. எது நல்ல ஜர்னல் என்று தேர்ந்து பார்க்கும் பொறுப்பு இப்போது மாணவர் தலையிலும் கல்லூரி தலையிலும்தான். நாளைக்கு பிஎச்.டி. நேர்காணலில் உட்கார்ந்தால் எம்.இ. புராஜெக்டைத்தான் முதலில் கிளறுவார்கள். வாங்கிய புராஜெக்டுக்கு அங்கே வாய் திறக்க முடியாது.

கேம்பஸ், டி.ஆர்.பி., பேங்க் எக்ஸாம் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, ஊரே சொல்லும். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் எம்.இ. மாணவர்களுக்கு ‘ரிசர்ச் மெத்தடாலஜி அண்ட் ஐ.பி.ஆர்.’ (ஆய்வு முறையும் அறிவுசார் சொத்துரிமையும்) கட்டாயப் பாடம். ஆய்வுக் கட்டுரைக்கான ஆங்கிலம், கிரெடிட்டில் சேராத ஓர் ஆடிட் கோர்ஸ். பரீட்சைக்கு முந்தின நாள் புரட்டிவிட்டு மறந்துபோகிற பாடங்களாக இவற்றை வைத்திருக்கிறோம். ஆனால் மூன்றாம், நான்காம் செமஸ்டர் புராஜெக்ட் இரண்டும் நிற்பதே இவற்றின் மேல்தான். உங்கள் மகளுக்கு அதில் நாட்டம் வந்திருக்கிறது. அதைக் கெடுக்காதீர்கள்.

அவளுக்கு நான் காட்டும் வழி ஷேர்டு டாஸ்க், அதாவது எல்லோரும் ஒரே தரவை வைத்து ஒரே கேள்விக்கு விடை தேடும் ஆய்வுப் போட்டி. யூடியூபில் நம்மவர்கள் தமிழும் ஆங்கிலமும் கலந்து போடும் கமென்ட் பாராட்டா, வசையா என்று கணினியைக் கண்டுபிடிக்க வைப்பது ஓர் ஆய்வுத் துறை. இதற்கென 2020ல் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கமென்டுகளைத் தரம் பிரித்து வெளியிட்டார்கள். ஃபயர் என்ற இந்திய ஆய்வரங்கிலும், 2021 முதல் டிராவிடியன்லாங்டெக் பயிலரங்கிலும் இப்படிப்பட்ட தரவை வைத்துப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். பதிவு செய்தால் பயிற்சித் தரவு கையில் வரும். கடைசியில் விடை இல்லாத சோதனைத் தரவு தருவார்கள். உங்கள் நிரலின் விடையை அனுப்பினால் தரவரிசை வரும். அதன்பின் என்ன செய்தீர்கள் என்று ஒரு சிறு கட்டுரை எழுத வேண்டும், அதை மதிப்பீட்டாளர்கள் படித்துக் குறை சொல்வார்கள். கேள்வி, தரவு, கெடு, நடுநிலையான மதிப்பீடு எல்லாம் அமைந்த பயிற்சி இது. நடக்கும் போட்டி எதுவும் இல்லாத மாதத்தில் பழைய போட்டியின் தரவை எடுத்தே பழகலாம்.

மகளுக்கு நேராகவே சொல்கிறேன். “தமிழ் கமென்டுகளில் டீப் லேர்னிங்” என்பது தலைப்பு மட்டும்தான் அம்மா. ‘ரொம்ப’ என்பதை ஆங்கில எழுத்தில் நாலு பேர் நாலு விதமாக எழுதுகிறார்கள். அந்த எழுத்துக்கூட்டலை முதலில் ஒழுங்குபடுத்தினால் கணிப்பு மேம்படுமா? இது ஆய்வுக் கேள்வி. இதற்கு ஆம், இல்லை என்று பதில் வரும். இல்லை என்று வந்தாலும் எழுதலாம்.

அந்தத் தரவில் பாதிக்கு மேல் பாராட்டுகள்தான். எல்லாவற்றையும் பாராட்டு என்று சொல்லும் உருப்படாத நிரலும் பாதிக்கு மேல் மதிப்பெண் வாங்கிவிடும். அதனால் துல்லிய சதவீதத்தை மட்டும் காட்டாமல் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக எஃப்1 (தவறாகப் பிடித்தது, தவறவிட்டது இரண்டையும் கணக்கில் எடுக்கும் மதிப்பெண்) போட்டு, எல்லாப் பிரிவுக்கும் சம எடை தரும் மேக்ரோ சராசரியைக் காட்டு. ஓர் எளிய பழைய முறையையும் பக்கத்தில் ஓட விடு. நிரலின் தற்செயல் தொடக்கத்தை முடிவு செய்யும் எண்ணான ரேண்டம் சீடை மாற்றிப் பலமுறை ஓட்டி, எண் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் எழுது.

ஆய்வுக் கட்டுரைகளை வாசிப்பதற்குக் கணினி அறிஞர் ஸ்ரீநிவாசன் கேசவ் 2007ல் சொன்ன மூன்று சுற்று முறை போதும். முதல் சுற்றில் பத்து நிமிடம்: தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. பாதிக் கட்டுரைகளை அங்கேயே ஒதுக்கிவிடலாம். மிஞ்சியவற்றுக்கு ஒரு மணி நேரம். புராஜெக்டுக்கு அடித்தளமான ஒன்றிரண்டை மட்டும் நீயே திரும்பச் செய்து பார்க்கிற அளவுக்குப் படி. படித்ததை ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுது: என்ன கேட்டார்கள், எந்தத் தரவு, எதோடு ஒப்பிட்டார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள். கடைசிக் கட்டத்திலிருந்துதான் உன் புராஜெக்ட் பிறக்கும்.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதே. ஆய்வுக் கட்டுரைக்கு அலங்கார மொழி வேண்டாம். சின்ன வாக்கியம், ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. செய்த முறையையும் கிடைத்த முடிவையும் முதலில் எழுது, சுருக்கத்தைக் கடைசியில் எழுது. சாட்ஜிபிடி தரும் மேற்கோள் கட்டுரையை நீயே தேடித் திறந்து பார்க்காமல் சேர்க்காதே. இல்லாத கட்டுரையை இருப்பதுபோலவே சொல்லும் அது.

ஐயா, செலவுக் கணக்குக்கு வருகிறேன். ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல்.லில் ஆய்வு முறைப் பாடங்கள் இலவசம். சான்றிதழ் தேர்வு எழுதினால்தான் ஆயிரம் ரூபாய். நிரலை ஓட்டக் கூகுள் கோலாப், மேற்கோள்களைச் சேர்த்து வைக்க ஸொட்டேரோ, கட்டுரை எழுத ஓவர்லீஃப், மூன்றிலும் இலவசக் கணக்கே போதும். கட்டுரை தேர்வானால் பயிலரங்கப் பதிவுக் கட்டணம் வரும். அதைக் கல்லூரி தருமா என்று இப்போதே துறைத் தலைவரிடம் கேட்டு வைக்கட்டும்.

ஆய்வில் பிடிப்பு நிலைத்தால் மேற்கொண்டு படிக்க வீட்டுப் பணம் தேவைப்படாது. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய். படிப்பு அவளுக்குச் சம்பளம் தரும் பாதை இது. நிலத்தை விழுங்கும் பாதையை விட்டு இதற்கு வாருங்கள். இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வருவதாக அவள் சொன்னாலும் தடுக்க வேண்டாம்.

கைடு ஒதுக்கும் முன்பே அவள் ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு அந்தத் துறையில் வேலை செய்யும் ஆசிரியரைப் போய்ப் பார்க்கட்டும்: கேள்வி என்ன, தரவு எங்கே கிடைக்கும், எதோடு ஒப்பிடுவாள், முதல் மாதத்தில் எதை முடிப்பாள். மச்சானுக்கு நீங்களே போன் போட்டு, நிலம் அடமானத்துக்கு இல்லை என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அந்தப் பேச்சு மகள் காதில் விழுந்துகொண்டே இருந்தால் அவளால் ஒரு பக்கமும் நிம்மதியாக எழுத முடியாது.