குடித்துவிட்டு வரும் வீரரின் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாமா?

கேள்வி: எழும்பூர் பக்கம் பயிற்சி எடுக்கும் தனியார் ஹாக்கி கிளப் ஒன்றின் செயலாளர் நான். ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த வீரர் ஒருவர் குடித்துவிட்டுப் பயிற்சிக்கு வருகிறார். போன மாதம் சக வீரரோடு கைகலப்பு. ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. உடனே ரத்து செய்ய முடியுமா? (வாசகர், சென்னை)

பதில்: முடியும். ஆனால் கோபத்தில் வாட்ஸ்அப்பில் "நாளையிலிருந்து வராதே" என்று அனுப்பிவிடாதீர்கள். பின்னால் வழக்கு வந்தால் அந்த ஒரு வரியே உங்களுக்கு எதிராக நிற்கும்.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். எந்த நடத்தைக்கு ரத்து, எத்தனை நாள் நோட்டீஸ், தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பாயமா என்று பாருங்கள். ஐசிஎஃப், தெற்கு ரயில்வே போன்ற துறை அணிகளில் நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்குப் பணி விதிகள்படி விசாரணை நடக்கும். உங்கள் வீரர் அப்படி இல்லை. ஒப்பந்தமும் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டமும்தான் பேசும்.

அடுத்தது, உங்கள் உண்மையான காரணம் எது? இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். ஐஸ் ஹாக்கியின் என்எச்எல் லீக்கில் 2015 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணி, கனடா எல்லையில் நடந்த ஒரு சம்பவத்தைக் காட்டி மைக் ரிச்சர்ட்ஸின் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அவருடைய ஆட்டம் ஏற்கெனவே சரிந்திருந்தது, ஐந்து ஆண்டுச் சம்பளமாக 2.2 கோடி டாலர் பாக்கி. வீரர்கள் சங்கம் முறையிட்டது. அக்டோபரில் சமரசம், அந்தச் சமரசத் தொகையில் ஒரு பங்கு 2031-32 சீசன் வரை கிங்ஸின் சம்பள வரம்புக் கணக்கில் (ஓர் அணி வீரர்களுக்கு மொத்தமாகச் செலவிடக்கூடிய உச்சத் தொகை) ஏறிக்கொண்டே வரும். ஆட்டம் பிடிக்கவில்லை என்றால் அங்கே வேறு வழி இருக்கிறது: 26 வயது நிரம்பிய வீரருக்கு மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்து விடுவிக்கலாம். நீங்களும் ஆட்டத்துக்காகத்தான் நீக்க நினைக்கிறீர்கள் என்றால், ஒழுங்கு மீறல் என்று எழுதாமல் பேசி ஒரு தொகைக்கு முடித்துக்கொள்ளுங்கள்.

குடிதான் பிரச்சினை என்றால் சிகிச்சைக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள். என்எச்எல்லில் 1996 முதல் இதற்கென்றே உதவித் திட்டம் நடக்கிறது. முதல் கட்டத்தில் சம்பளம்கூட நிற்காது. நம் ஊரில் இந்திரா நகர் டிடிகே மருத்துவமனை இருக்கிறது. சிகிச்சைக்கு அனுப்புவதை எழுத்தில் வையுங்கள். அவர் மறுத்தாலோ, பாதியில் விட்டு மறுபடி குடித்து வந்தாலோ உங்கள் பக்கம் வலுவாகும்.

அப்புறம் மெமோ. தேதி, சம்பவம், பார்த்தவர்கள் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். விளக்கம் கேட்டு அவகாசம் கொடுங்கள், பதிலைக் கோப்பில் வையுங்கள். அதன் பிறகுதான் ரத்துக் கடிதம்.

ரத்தான நாள் வரை உள்ள சம்பளத்தைப் பிடித்து வைக்காதீர்கள். ஒப்பந்தத்தில் அபராதத் தொகை எழுதியிருந்தாலும், ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74-இன்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். "வேறு கிளப்புக்கு ஆடக்கூடாது" என்று என்ஓசியை (தடையில்லாச் சான்று) மறுப்பதும் வேண்டாம். ஒப்பந்தம் முடிந்த பிறகு அந்தத் தடை, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்னும் பிரிவு 27-இன் முன் நிற்காது.