பிரான்ஸ் ரக்பியின் முன்னோடி பிரான்ட்ஸ் ரைஷெல் யார்?

ரைஷெல் ரக்பி வீரர் மட்டும்தானா என்றால், இல்லை; அவர் தடகள வீரரும் பத்திரிகையாளரும்கூட. 1871இல் பாரிஸில் பிறந்த அவர், 1892 மார்ச் 20 அன்று நவீன ஒலிம்பிக்கின் நிறுவனர் பியர் தெ கூபெர்த்தேன் நடுவராக நின்ற முதல் பிரெஞ்சு ரக்பி சாம்பியன்ஷிப் ஆட்டத்தில், ஸ்டாட் பிரான்ஸேயை 4-3 என வென்ற ரேசிங் கிளப் அணியில் ஆடினார்.

1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடையோட்ட இறுதிக்குத் தகுதி பெற்றும், அதே நாளில் மாரத்தான் ஓடிய நண்பர் லெர்மூசியோவுக்கு உதவச் சென்றதால் அதில் ஓடவில்லை. இக்காலத்தில் எந்தப் பயிற்சியாளரும் இதற்குச் சம்மதிக்கமாட்டார்! 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில், ஜெர்மனியை 27-17 என்றும் பிரிட்டனை 27-8 என்றும் வீழ்த்தித் தங்கம் வென்ற ரக்பி அணியிலும் அவர் இருந்தார்.

பத்திரிகையாளராக, 1908இல் வில்பர் ரைட்டுடன் ஏறத்தாழ 55 நிமிடம் விமானத்தில் பறந்தார். 1924இல் பன்னாட்டு விளையாட்டுச் செய்தியாளர் சங்கத்தின் முதல் தலைவரானார், 1932இல் காலமானார்.