முதல் பனிச்சறுக்குப் பயணம்: குளிரைவிட முழங்காலைக் கவனியுங்கள்

கேள்வி: நாங்கள் ஜெர்மனியில் டோர்ட்முண்ட் நகரில் வசிக்கிறோம். வருகிற பெப்ரவரியில் ஒரு வாரம், சுவிட்சர்லாந்தின் கிரின்டெல்வால்டுக்குக் குடும்பமாகப் பனிச்சறுக்குக் கற்கப் போகிறோம். இதுவரை எங்களில் யாரும் பலகையில் கால் வைத்ததில்லை. எனக்கு வயது 41, கணவருக்கு 46. பத்து வயது மகனுக்கு ஆஸ்துமா இருக்கிறது. மகளுக்கு ஆறு வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கும் 69 வயது மாமியாரும் உடன் வருகிறார். அங்குள்ள உயர்ந்த மலைத்தலமான யுங்ஃப்ராவ்யோக்கைப் பார்க்க அவருக்கு ஆசை. குளிரை எப்படித் தாங்குவது என்பதுதான் எங்கள் பெரிய கவலை. உறவினர் ஒருவர் தம் பழைய பலகைகளைத் தருவதாகச் சொல்கிறார். நாங்கள் எப்படி ஆயத்தமாக வேண்டும்?

பதில்: குளிரைப் பற்றிய கவலை நியாயமானதே, ஆனால் அது சரியான உடையால் தீர்ந்துவிடும். உடலோடு ஒட்டிய அடுக்கு பருத்தியாக இல்லாமல் கம்பளியாகவோ செயற்கை இழையாகவோ இருக்கட்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நீங்கள் அசையாமல் நிற்கும்போது உடலைச் சில்லிட வைக்கும். பிள்ளைகளுக்குக் குளிருமே என்று இரண்டு சோடி காலுறைகளை மாட்டிவிடாதீர்கள். அவை பூட்ஸுக்குள் இரத்த ஓட்டத்தை நெருக்கி, விரல்களை இன்னும் விறைக்கச் செய்யும். மூக்கு நுனியோ காது மடலோ வெளிறி உணர்ச்சி குறைந்தால், உள்ளே அழைத்துச் சென்று உள்ளங்கையால் பொத்திச் சூடாக்குங்கள்; தேய்க்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் இடம்பெறாத முழங்காலைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. பனிச்சறுக்குக் காயங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முழங்காலில் ஏற்படுபவை. அவற்றிலும் தொடையெலும்பையும் முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பையும் இணைக்கும் முன் குறுக்குத் தசைநார் அறுந்துபோவது, பல மாத சிகிச்சையைக் கேட்கும் காயம். பெண்களுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிட அதிகம். வேகமாகச் செல்பவர்களுக்குத்தான் இது நேரும் என்று எண்ணிவிடாதீர்கள். தொடக்க நிலையில் இருப்பவர் மெதுவாகச் சறுக்கி, பின்புறமாகச் சாய்ந்து, விழாமல் தப்பிக்கவோ விழுந்தபடியே எழவோ முயலும்போது, நீண்ட பலகை ஒரு நெம்புகோலைப் போல முழங்காலைத் திருகிவிடுகிறது. ஆகவே நிலைதடுமாறினால் எதிர்த்துப் போராடாமல் பக்கவாட்டில் விழுந்துவிடுங்கள். சறுக்கல் முழுமையாக நின்ற பிறகே எழுந்திருங்கள்.

இதே காரணத்தால்தான் உறவினரின் பலகைகளை அப்படியே வாங்கிப் பயன்படுத்த வேண்டாம் என்கிறேன். பூட்ஸைப் பலகையோடு பிடித்திருக்கும் பைண்டிங், விழும்போது தானாகக் கழன்று காலை விடுவிக்க வேண்டும். எவ்வளவு விசையில் அது கழல வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், பயிற்சி நிலை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டு அமைக்கிறார்கள். தேர்ந்த ஒருவருக்காக இறுக்கி வைத்திருக்கும் பைண்டிங் உங்களுக்குக் கழலாமலே போகலாம். வாடகைக் கடையில் எடையைக் கேட்கும்போது கூச்சப்படாமல் உண்மையான எடையையும், புதியவர்கள் என்பதையும் சொல்லுங்கள். தலைக்கவசத்தையும் அங்கேயே அளவு பார்த்து எடுங்கள். நால்வருக்கும் அது கட்டாயம் என்றே கொள்ளுங்கள். ஊன்றுகோலின் பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால், விழும்போது கோல் கையிலேயே தங்கி, கட்டைவிரலின் அடித் தசைநாரைக் கிழித்துவிடக்கூடும். பட்டையை மாட்டாமலே பிடியுங்கள்.

இன்றிலிருந்தே கால்களைப் பழக்கத் தொடங்குங்கள். குறைந்தது ஆறு வாரங்கள், வாரத்தில் மூன்று நாள், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் அமர்வதுபோல் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை நிற்பதும், ஒற்றைக் காலில் சமநிலை காப்பதும், படிக்கட்டு ஏறுவதும் போதுமானவை. நாள் முழுவதும் மேசையில் அமர்ந்து வேலை செய்பவரானால் உங்கள் கணவருக்கு இது மிக அவசியம். முதல் நாளிலேயே பயிற்சிப் பள்ளியில் சேருங்கள். நன்றாகச் சறுக்கத் தெரிந்த நண்பர் கற்றுத்தருவது அதற்கு ஈடாகாது. கிரின்டெல்வால்டில் போட்மி என்னும் சரிவு, புதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஏற்றது. சுவிட்சர்லாந்தில் நீலத் தடங்கள் எளியவை, சிவப்பு நடுத்தரமானவை, கறுப்பு கடினமானவை. இந்த வாரம் முழுவதும் நீலத்தைத் தாண்ட வேண்டாம்.

மகனின் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இருந்தால் அவனும் தாராளமாகக் கற்கலாம். குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்பதால், தினமும் எடுக்கும் தடுப்பு மருந்தை ஒரு நாளும் விடாமல் கொடுங்கள்; மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைச் சறுக்குவதற்குச் சுமார் பதினைந்து நிமிடம் முன்பே எடுக்கலாமா என்று அவனுடைய மருத்துவரிடம் புறப்படுமுன் கேட்டுவிடுங்கள். குளிரில் இன்ஹேலரிலிருந்து மருந்து சரியாக வெளிவராது. அதை முதுகுப்பையில் வைக்காமல் உடலோடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். எங்கே இருக்கிறது என்பது பயிற்சியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடியிருந்தால், உள்ளே செல்லும் காற்று சற்று வெதுவெதுப்பாகும்.

ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுகிறது; புதுப் பனி அதில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்புகிறது. நம் தோல் நிறம் கண்களைக் காக்காது. மேகமூட்டமான நாளிலும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணியாவிட்டால், சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்ததுபோன்ற கடும் வலி வரலாம்.

பிறகு காப்பீடு. உங்கள் ஜெர்மன் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்புறமுள்ள ஐரோப்பிய மருத்துவக் காப்பீடு, ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை உள்ளவர்களுக்குச் சுவிட்சர்லாந்திலும் செல்லும். ஆனால் நோயாளியை ஜெர்மனிக்குத் திரும்பக் கொண்டுவரும் செலவை அரசுக் காப்பீடு ஏற்காது. மலை மீட்பையும் உள்ளடக்கிய பயணக் காப்பீடு எடுங்கள். அங்கே ஆம்புலன்ஸுக்கு 144, வானூர்தி மீட்புக்கு 1414. யாருக்காவது முழங்காலில் ‘பட்’டென்று ஒலி கேட்டு, சில மணி நேரத்துக்குள் வீக்கம் கண்டால், நடக்க முடிந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

மாமியாரின் விருப்பத்துக்கு நான் தடை சொல்லவில்லை. யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிரின்டெல்வால்டோ சுமார் 1,030 மீட்டர்தான். கம்பிவடப் பெட்டியிலும் ரயிலிலுமாக ஒரு மணி நேரத்துக்குள் மேலே போய்விடலாம் என்பதால், உடல் பழகிக்கொள்ள அவகாசம் இருக்காது. அங்கே கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. அவருக்கு நெஞ்சுவலி, அண்மையில் மாரடைப்பு, நடந்தால் மூச்சிரைப்பு ஆகியவை இல்லாமல், இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால், தம் மருத்துவரைக் கலந்துகொண்டு போய்வரலாம். மாத்திரையை வழக்கம்போல் எடுக்கட்டும். மேலே மெதுவாக நடந்து, இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடட்டும். தலைச்சுற்றலோ மூச்சுத்திணறலோ வந்தால் அடுத்த ரயிலிலேயே கீழே வாருங்கள்.

இந்தப் பயணத்தை முதல் நாளில் வைக்காமல் நான்காம் நாளில் வையுங்கள். மூன்று நாள் சறுக்கிய கால்கள் அதற்குள் களைத்திருக்கும். களைத்த தொடைத் தசைகளால் முழங்காலைக் காக்க முடியாது. அன்று பலகைகளை அறையிலேயே விட்டுவிட்டு, மகனின் மூச்சு அன்று சீராக இருந்தால் ஐவருமாக, இல்லையேல் ஒருவர் அவனோடு கீழே தங்கிவிட்டு, மற்றவர்கள் மாமியாரோடு மேலே போய்வாருங்கள்.