நிறம் ஏறாத மணிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஒயினுக்காகக் கருந்திராட்சை வளர்க்கிறேன். ஒரே குலையில் சில மணிகள் நன்றாகக் கறுக்கின்றன, சில வெளிறிய சிவப்பிலேயே நின்றுவிடுகின்றன. ரசாயன ஊக்கி வேண்டாம் என்று இருக்கிறேன். கடற்பாசிச் சாறு, கைட்டோசான், ஈஸ்ட் சாறு, மீன் அமிலம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைத் தெளிப்பது?

பதில்: எதையாவது வாங்குவதற்கு முன் கொடிக்குள் கையை விட்டு இலைகளை விலக்கிப் பாருங்கள். வெளிறிய மணிகள் பெரும்பாலும் நிழல் பக்கத்தில் இருந்தால், எந்தத் தெளிப்பும் பாதி வேலைதான் செய்யும். குலையை ஒட்டிய இலைகளைக் காலை வெயில் படும் பக்கத்தில் மட்டும் கிள்ளிவிடுங்கள். அதையும் மணி பிடித்தவுடனே செய்ய வேண்டும். பழுக்கும் நேரத்தில் திடீரென்று திறந்துவிட்டால் தோல் வெந்துபோகும். பிற்பகல் வெயில் பக்கத்து இலைகளைத் தொடாதீர்கள். மணியின் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் ஆந்தோசயனின் என்ற நிறமி உருவாவது குறையும், உருவானதும் சிதையும். கொடி தாங்குவதற்கு மேல் குலைகளை விட்டிருந்தாலும் நிறம் இப்படித்தான் திட்டுத்திட்டாக வரும்.

அதெல்லாம் சரியாக இருக்கிறது என்றால், இனி தெளிப்புக்கு வருவோம். நீங்கள் சொன்ன நான்கும் ஒரே வகை அல்ல. கைட்டோசான் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுப்பது. பூஞ்சையின் செல்சுவரிலும் அதே சரக்கு உண்டு. ஈஸ்ட் சாற்றிலும் ஈஸ்டின் செல்சுவர்த் துணுக்குகள் இருக்கும். இவை மேலே பட்டதும் பூஞ்சை தாக்குகிறது என்று கொடி நினைத்துக்கொள்கிறது. திருடன் வராமலேயே ‘திருடன், திருடன்’ என்று கத்தி வீட்டாரை எழுப்பிவிடுவது மாதிரி. எழுந்த கொடி தற்காப்புக்கு ஃபீனால் பொருட்களைக் கூடுதலாகச் செய்கிறது. தோலின் நிறமியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மல்லிகை எண்ணெயில் உள்ள மெத்தில் ஜாஸ்மோனேட்டும் இந்த வகையே. ஸ்பெயினின் ரியோகா பகுதியில் டெம்ப்ரனில்லோ என்ற கருந்திராட்சை ரகக் கொடிகளில் அதைத் தெளித்து நிறமி கூடியதைப் பார்த்திருக்கிறார்கள்.

வட அட்லாண்டிக் கரைகளில் வளரும் அஸ்கோபில்லம் என்ற பழுப்புக் கடற்பாசியின் சாறு முதன்மையாக வெயிலையும் வறட்சியையும் தாங்கக் கொடிக்குத் தெம்பு தருவது. சாஞ்சியோவேசே போன்ற சில ரகங்களில் நிறமும் கூடியிருக்கிறது. மீன் அமிலத்தை மட்டும் இந்தப் பருவத்தில் கிட்டே சேர்க்காதீர்கள். அது தழைச்சத்து. நிறம் ஏறும் நேரத்தில் தழைச்சத்தை ஏற்றினால் கொடி புதுத் தளிர் விட ஓடும், குலை நிழலில் மாட்டிக்கொள்ளும். இயற்கைப் பொருள் என்பதற்காக அது எல்லா நேரத்துக்கும் ஆகாது.

நேரம்தான் முக்கியம். தோட்டத்தில் நூறு மணிக்கு ஐந்து மணி என்ற கணக்கில் சிவக்கத் தொடங்கும்போது முதல் தெளிப்பு, ஒரு வாரம் பத்து நாள் கழித்து இரண்டாவது. நிறத்துக்காக என்றால் அதற்கு முன்னால் தெளிப்பது வீண். எல்லா மணியும் கறுத்த பிறகு தெளிப்பது அதைவிட வீண். திராட்சை இலையின் துளைகள் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. அதனால் நாசிலைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடியுங்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், துளி சீக்கிரம் காய்ந்தால் உள்ளே போகாது. குலை சொட்டச் சொட்ட நனைய வேண்டாம், நெருக்கமான குலைக்குள் ஈரம் தங்கினால் அழுகல் வரும்.

இன்னொன்று, கைட்டோசானையும் கடற்பாசிச் சாற்றையும் ஒரே டேங்கில் ஊற்றாதீர்கள். கைட்டோசான் வெறும் தண்ணீரில் கரையாது, வினிகர் மாதிரி லேசான அமிலத்தில்தான் கரையும். கடற்பாசிச் சாறு பெரும்பாலும் காரம் போட்டு எடுத்தது. சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடிக் குடுவையில், தெளிக்கப்போகும் அதே விகிதத்தில் இரண்டையும் கலந்து கொஞ்ச நேரம் வையுங்கள். பால் திரிந்தது போல வெள்ளை நூல்கள் மிதந்தால் அதுதான் நாளைக்கு உங்கள் நாசிலை அடைக்கப்போவது. அளவு, அறுவடைக்கு முன் விட வேண்டிய இடைவெளி இரண்டுக்கும் டப்பாவில் உள்ளதைத் தாண்ட வேண்டாம்.

இவை எல்லா வருடமும் பலன் தருவதில்லை. ரகமும் பருவமும் மாறினால் பலனும் மாறும். அதனால் ஒரு வரிசையைத் தெளிக்காமல் விடுங்கள், இரண்டிலும் குலையின் மேல், நடு, அடி என்று நூறு மணிகள் பறித்து எடை போடுங்கள். மணி சிறுத்திருந்தால் தோலின் பங்கு கூடி, நிறம் அதிகம் போலத் தெரியும். தோலை உரித்து, சம எடையில் அமிலம் கலந்த ஆல்கஹாலில் ஊறவைத்து, இரண்டு குப்பிகளையும் வெள்ளைத் தாள் முன்னால் வைத்துப் பாருங்கள். தோட்டத்தில் நின்று கண்ணால் அளப்பதை நான் நம்புவதில்லை. மணியின் மேலுள்ள வெண்பூச்சு ஏமாற்றும்.

கேள்வி: நிறத்துக்கு நல்லது என்று பொட்டாஷ் தெளித்தேன். பழம் கறுத்தது, ஒயின் மட்டும் மங்கலாக இருக்கிறதே?

பதில்: பொட்டாசியம் கூடினால் அது சாற்றின் டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகப் படிந்துவிடும், பிஎச் ஏறும், அதாவது சாற்றின் அமிலத்தன்மை குறையும். பிஎச் 3.4-இல் பளிச்சென்று சிவந்திருக்கும் அதே நிறமி 3.9-இல் மங்கி, நீலம் தட்டும். இலைக்காம்புப் பரிசோதனையில் குறை என்று வந்தால் மட்டும் பொட்டாஷ் கொடுங்கள்.

கேள்வி: கந்தகமும் இயற்கைதானே, அறுவடை வரை அடிக்கலாமா?

பதில்: சாம்பல் நோய்க்கு நல்ல மருந்துதான். ஆனால் தோலில் மிச்சமிருக்கும் கந்தகத்தை ஈஸ்ட் நொதிக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றிவிடும். தொட்டியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். பறிப்பதற்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.