முழங்கால் காயத்தோடு அறைக்குள் முடங்கிய மகனுக்கு எந்த ஆவணப்படத்தைக் காட்டலாம்?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. எங்கள் ஊர் கோவில்பட்டி. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஹாக்கி மட்டையோடு வளர்ந்தவன். பல்கலைக்கழக அணிக்கான தேர்வு நெருங்கிய சமயத்தில், பயிற்சி ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு அறுந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. சிறு வயது முதல் அவனோடு ஆடிய நண்பன் தேர்வாகிவிட்டான். அவன் கூப்பிட்டால் இவன் போனை எடுப்பதில்லை. மாவட்ட அளவில் ஆடியவரான என் கணவரும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. மகன் ஃபிசியோதெரபிக்கும் அரை மனதோடுதான் போகிறான். ஊக்கம் தரும் விளையாட்டுப் படங்களைக் காட்டச் சொல்கிறார்கள் உறவினர்கள். தோல்வியையும் மீட்சியையும் பற்றிய நல்ல ஆவணப்படங்கள் எவை? அவற்றைப் பார்த்தால் அவன் மனம் இன்னும் நோகுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தவறான படத்தைக் காட்டினால் நோகும். ஊக்கம் தரும் படம் என்று உறவினர்கள் சொல்வது பெரும்பாலும், அடிபட்டு விழுந்தவன் ஒரு பாட்டு முடிவதற்குள் பயிற்சியை முடித்துக்கொண்டு கோப்பையோடு வந்து நிற்கும் படங்களைத்தான். மாதக்கணக்கில் ஒரே காலை மடக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பையனுக்கு அது பொய் என்று உடனே தெரிந்துவிடும். அதைவிடக் கொடுமை, மீள முடியாதவனுக்கு மனவுறுதி போதவில்லை என்று அந்தப் படங்கள் சொல்லாமல் சொல்வது. ஆகவே, தோல்வியை அவசரமாகத் தாண்டிப் போகாமல் அதன் பக்கத்தில் இருந்து பொறுமையாகப் பார்க்கும் படங்களையே உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் அமேசான் பிரைமில் உள்ள ‘ஆண்டி மர்ரே: ரீசர்ஃபேசிங்’. 2016-இல் உலகின் முதல் நிலை டென்னிஸ் வீரராக இருந்த மர்ரேயின் இடுப்பு மூட்டு பழுதாகி, 2018 ஜனவரியில் ஓர் அறுவை சிகிச்சையும் 2019 ஜனவரியில் இன்னொன்றும் நடந்த காலத்தை, கூடவே இருந்து படம் பிடித்திருக்கிறார்கள். முதல் சிகிச்சை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதுதான் இந்தப் படத்தின் நடுப்பகுதி முழுவதும். எவ்வளவு உழைத்தாலும் உடல் கேட்க மறுக்கும் அந்த மாதங்களை வெட்டிச் சுருக்காமல் காட்டுகிறார்கள். 2018 ஆகஸ்டில் வாஷிங்டனில் ஓர் ஆட்டம் விடியற்காலை மூன்று மணியைத் தாண்டி முடிகிறது, மர்ரே ஜெயித்துவிடுகிறார், ஆனால் கொண்டாட்டம் ஏதுமின்றி நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார். ஜெயித்தவன் ஏன் அழுகிறான் என்று உங்கள் மகன் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

2019 ஜனவரியில், ஆஸ்திரேலிய ஓப்பன் தொடங்கும் முன் மெல்போர்னில் நடந்த செய்தியாளர் சந்திப்பில், காலுறை போடுவதுகூட வலிக்கிறது என்று சொன்ன மர்ரே, பேச முடியாமல் எழுந்து போய்ச் சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்தார். அந்தப் போட்டியில் ஐந்து செட் போராடித் தோற்ற பிறகு, தொடை எலும்பின் தலைப்பகுதியைச் செதுக்கி உலோகத் தொப்பி பொருத்தும் இரண்டாவது அறுவை சிகிச்சைக்குப் போனார். அறுவை சிகிச்சைக் காட்சி அப்படியே படத்தில் வருவதால், ரத்தம் பார்க்க முடியாதவர்கள் அந்த இடத்தில் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம். அதே ஆண்டு அக்டோபரில் ஆன்ட்வெர்ப் போட்டியில் ஒற்றையர் பட்டம் வென்றார். ஆனால் பழைய முதலிடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை. அது தெரிந்த பின்னும் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை ஆடினார். ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதமாவது பொறுக்க வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. அந்த நீண்ட காத்திருப்பு எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிட நேர்மையான படம் எனக்குத் தெரியாது.

அடுத்த படம் 1994-இல் வந்த ‘ஹூப் ட்ரீம்ஸ்’. இதை முதலில் நீங்களும் உங்கள் கணவரும் மட்டும் பாருங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். சிகாகோவின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த வில்லியம் கேட்ஸ், ஆர்தர் ஏஜி என்ற இரண்டு கறுப்பினச் சிறுவர்களைக் கூடைப்பந்துத் திறமைக்காகப் புறநகரில் உள்ள ஒரு பெயர் பெற்ற கத்தோலிக்கப் பள்ளி எடுத்துக்கொள்கிறது. அரை மணி நேரக் குறும்படமாகத் திட்டமிட்டுத் தொடங்கிய ஸ்டீவ் ஜேம்ஸும் அவருடைய கூட்டாளிகளும் ஏறக்குறைய ஐந்தாண்டுகள் அந்தப் பையன்களைப் பின்தொடர்ந்தார்கள். படம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆர்தர் எதிர்பார்த்தபடி வளரவில்லை என்பதாலும், வீட்டில் கட்டணம் கட்ட முடியாததாலும், பள்ளி அவனை நடுவழியில் கைவிடுகிறது. நட்சத்திரமாக வருவான் என்று எல்லோரும் நம்பிய வில்லியமின் முழங்கால் கெட்டுப்போகிறது. அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு களத்துக்குத் திரும்பினாலும், அந்தப் பழைய துள்ளல் அவனிடம் இல்லை. அதைத் தன் கண் முன்னே கண்டுகொள்ளும் பதினாறு, பதினேழு வயது முகத்தைக் கேமரா விலகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் கணவர் கவனிக்க வேண்டியது வில்லியமின் அண்ணன் கர்டிஸை. அவரும் ஒரு காலத்தில் பேர் வாங்கிய ஆட்டக்காரர். கல்லூரியோடு அந்த வாழ்க்கை நின்றுபோய்விட்டது. தனக்குக் கிடைக்காதது தம்பிக்காவது கிடைக்க வேண்டும் என்ற அவருடைய ஆசையில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. ஆனால் தம்பியின் தோளில் அது எவ்வளவு பாரமாக உட்கார்ந்திருக்கிறது என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியும். கடைசிப் பகுதியில் வில்லியம் ஒன்று சொல்கிறான்: பெரிய ஆளானதும் எங்களை மறந்துவிடாதே என்று எல்லோரும் என்னிடம் சொல்வார்கள், நான் பெரிய ஆளாகாவிட்டால் நீங்கள் என்னை மறந்துவிடாதீர்கள் என்று நான் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்கிற பொருளில். உங்கள் வீட்டு மௌனத்தில் மகனுக்குக் கேட்டுக்கொண்டிருப்பது இந்தக் கேள்வியாகவே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கணவரின் மௌனம் கோபமாக இருக்காது. தானும் களத்தை விட்டு வந்தவர் என்பதால் எதைச் சொல்வது என்று தெரியாமல் இருக்கலாம். ஆனால் அறைக்குள் இருக்கும் பையன் அதைத் தன்மீதான ஏமாற்றமாகத்தான் எடுத்துக்கொள்வான். அந்த இரண்டு பையன்களும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. வரை போகவில்லை. ஆனாலும் இது சோகப் படம் அல்ல. இத்தனைக்கும் நடுவே ஆர்தரின் தாய் படித்து, செவிலியர் உதவியாளர் பயிற்சியில் நல்ல மதிப்பெண்ணோடு தேறும் காட்சி ஒன்று வருகிறது. படத்தில் வரும் எந்த ஆட்ட வெற்றியைவிடவும் அந்தப் பட்டமளிப்பு என்னை உலுக்கியது.

மனம் சற்று லேசாகும்படி ஒன்று வேண்டுமென்றால் 2014-இல் வந்த ‘நெக்ஸ்ட் கோல் வின்ஸ்’ ஆவணப்படத்தைப் பாருங்கள். இதே பெயரில் 2023-இல் நடிகர்களை வைத்து எடுத்த படமும் இருக்கிறது; உங்களுக்கு வேண்டியது ஆவணப்படம். 2001 ஏப்ரலில் அமெரிக்க சமோவா என்ற சின்னஞ்சிறு பசிபிக் தீவின் கால்பந்து அணி, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆஸ்திரேலியாவிடம் 31–0 என்று தோற்றது. கடவுச்சீட்டுச் சிக்கலால் வழக்கமான வீரர்கள் வர முடியாமல், பள்ளிப் பிள்ளைகளை எல்லாம் சேர்த்துக்கொண்டு ஆடிய அணி அது. அத்தனை கோலையும் வாங்கிய கோல்கீப்பர் நிக்கி சலாப்பு. பத்தாண்டுகள் ஆன பின்னும் அந்த எண் அவரைத் துரத்திக்கொண்டிருந்தது. 2011-இல் அடுத்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தாமஸ் ரோங்கன் என்ற பயிற்சியாளர் வந்து சேர்கிறார். தன் வளர்ப்பு மகளை விபத்தில் பறிகொடுத்தவர். அவர் தேற்றிய அணி டோங்காவை 2–1 என்று வென்றது. அடுத்த ஆட்டத்தில் சமநிலை, அதற்கடுத்ததில் தோல்வி, அத்தோடு உலகக் கோப்பைக் கனவு முடிந்தது. ஒரே ஒரு வெற்றிதான். ஆனால் இறுதி விசில் ஊதியதும் சலாப்புவின் முகத்தைப் பார்த்தால், அந்த ஒன்று ஒரு மனிதனுக்கு எவ்வளவு போதுமானது என்பது விளங்கும்.

கிரிக்கெட்டில் உங்கள் மகனுக்கு ஆர்வம் இருந்தால், ஆஸ்திரேலிய அணியைப் பற்றிய ‘தி டெஸ்ட்’ தொடரின் முதல் பருவத்தில் 2019 ஹெடிங்லி டெஸ்ட் வரும் பகுதி ஒன்றே போதும். பென் ஸ்டோக்ஸ் ஆட்டமிழக்காமல் 135 எடுத்து, கையிலிருந்த ஆட்டத்தை ஒரு விக்கெட் வித்தியாசத்தில் பறித்துக்கொண்ட பிறகு, ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் ஜஸ்டின் லாங்கர் தம் வீரர்களை உட்காரவைத்து அந்தக் கடைசி நேர ஆட்டத்தை மறுபடியும் பார்க்கச் செய்கிறார். பார்க்கவே கூசுகிற காட்சி. அடுத்த டெஸ்டில் மான்செஸ்டரில் 185 ரன் வித்தியாசத்தில் வென்று ஆஷஸைத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

இப்போதைக்குக் காட்ட வேண்டாம் என்று நான் சொல்வது ‘தி டூ எஸ்கோபார்ஸ்’. தன் அணிக்கு எதிராகவே தவறுதலாகக் கோல் போட்ட கொலம்பியக் கால்பந்து வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், 1994 உலகக் கோப்பையின்போதே ஊர் திரும்பிய சில நாட்களில் சுட்டுக் கொல்லப்பட்ட வரலாறு அது. மிக உயர்ந்த படம். ஆனால் ஒரு தவறுக்காகத் தன்னையே நொந்துகொண்டிருக்கும் மனநிலையில் பார்க்க ஏற்றதல்ல. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனைப் பற்றிய ‘தி லாஸ்ட் டான்ஸ்’ தொடரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது ஜெயித்தே தீர வேண்டும் என்றிருந்த ஒருவரின் கதை.

நெட்ஃபிளிக்ஸில் ‘அன்டோல்ட்’ வரிசையில் உள்ள ‘பிரேக்கிங் பாயின்ட்’ படத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க டென்னிஸ் வீரர் மார்டி ஃபிஷ் 2012 அமெரிக்க ஓப்பனில் ரோஜர் ஃபெடரருடன் ஆடப் போகும் வழியில், காரிலேயே கடுமையான பதற்றத்துக்கு ஆளானார். நீ ஆடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை என்று மனைவி சொல்லும் வரை, அப்படி ஒரு வழி இருப்பதே அவருக்குத் தோன்றவில்லை. ஆட்டத்திலிருந்து விலகிய பின் மாதக்கணக்கில் வீட்டை விட்டே அதிகம் வெளியே வராமல் இருந்திருக்கிறார். சிகிச்சை பெற்று, 2015-இல் அதே மைதானத்துக்குத் திரும்பி வந்து ஆடி, இரண்டாவது சுற்றில் தோற்று விடைபெற்றார். உடல் காயத்துக்கு மருத்துவரிடம் போவதுபோல மனத்துக்கும் போகலாம் என்பதை ஓர் ஆட்டக்காரர் வாயால் கேட்பது, பெற்றவர்கள் சொல்வதைவிட எளிதில் காதில் ஏறும். உங்கள் மகன் தூங்காமலோ சாப்பிடாமலோ இருந்தால், அல்லது இருந்து என்ன பயன் என்பதுபோல் ஒரு வார்த்தை சொன்னால், படத்தையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

எப்படிக் காட்டுவது என்பதும் முக்கியம். உனக்காகத்தான் போட்டிருக்கிறேன் என்று சொல்லி உட்காரவைக்காதீர்கள். மருந்து என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவான். கூடத்தில் நீங்கள் இருவரும் பார்க்கத் தொடங்குங்கள். அவன் வந்து வாசலில் நின்று பார்த்தால் அப்படியே விட்டுவிடுங்கள். படம் முடிந்ததும், பார்த்தாயா, அவனே மீண்டு வந்துவிட்டான், நீ ஏன் முடியாது என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.

அந்த நண்பனுக்காக ஒரு படம் வைத்திருக்கிறேன்: ‘தி டான் வால்’. பாறை ஏறும் வீரர் டாமி கால்ட்வெல் 2000-இல் கிர்கிஸ்தானில் ஆயுதக் குழுவிடம் பிணைக்கைதியாகச் சிக்கித் தப்பியவர். 2001-இல் ஒரு விபத்தில் ஆள்காட்டி விரலை இழந்தவர். பிறகு, கூடவே பாறை ஏறிவந்த மனைவியும் பிரிந்துபோனார். அந்தப் பிரிவின் துயரத்தில்தான், கலிபோர்னியாவின் எல் கேப்பிட்டன் பாறையில் அதுவரை யாரும் கை கால்களை மட்டும் கொண்டு ஏறியிராத, ஏறக்குறைய 3,000 அடி செங்குத்துச் சுவரின் பக்கம் திரும்பினார். 2014 டிசம்பர் 27 அன்று கெவின் ஜார்ஜ்சனுடன் ஏறத் தொடங்கினார். பதினைந்தாவது கட்டத்தில் கெவின் சிக்கிக்கொள்கிறார். பிளேடு போன்ற விளிம்புகளைப் பிடித்துப் பிடித்து விரல் நுனித் தோல் கிழிகிறது. குளிரில் பிடி வழுக்காது என்பதால் இரவில் விளக்கு வெளிச்சத்தில் முயல்கிறார். மறுபடி மறுபடி விழுகிறார். டாமியால் தனியாகவே உச்சிக்குப் போய்விட முடியும், போகும்படி கெவினும் சொல்கிறார். டாமி போகாமல் காத்திருக்கிறார். ஏழு நாள் போராட்டத்துக்குப் பிறகு கெவின் அந்தக் கட்டத்தைக் கடக்கிறார். 2015 ஜனவரி 14 அன்று இருவரும் சேர்ந்தே உச்சியைத் தொடுகிறார்கள்.

முந்திப் போய்விட்டவனுக்கும் பின்தங்கியவனுக்கும் இடையில் வரும் சங்கடத்தை இவ்வளவு பக்கத்தில் காட்டிய படம் வேறில்லை. தேர்வான அந்தப் பையனும் இப்போது எப்படிப் பேசுவதென்று தெரியாமல்தான் இருப்பான். விடுமுறையில் அவன் ஊருக்கு வரும்போது வீட்டுக்குக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக இதைப் பார்க்கட்டும். ஆனால் அவன் வரப்போவதை மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இப்போது வேண்டாம் என்று அவன் சொன்னால், அடுத்த விடுமுறைக்கு ஒத்திவைத்து, அப்போது மறுபடி கேளுங்கள்.