கீழ்த் துளைகளில் ஸ்வரம் காணவில்லையா?

அமெரிக்க மவுத் ஆர்கன் கலைஞர் பட்டி கிரீன் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் வாசித்த வீடியோவைப் பார்த்து சி ஸ்கேலில் 10 துளை மவுத் ஆர்கன் வாங்கினேன், முதல் மூன்று துளைகளில் பாட்டு வரவில்லை, கருவி பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுதில்லை நண்பரே. அந்தக் கருவியின் அமைப்பே அப்படி. கீழ் ஸ்தாயியில் ம, த இரண்டுக்கும் தனி ரீட் (காற்றில் அதிர்ந்து ஒலி தரும் உலோகத் தகடு) கிடையாது. கைதேர்ந்தவர்கள் 2, 3ஆம் துளைகளில் உள்ளிழுக்கும்போது நாக்கின் நிலையை மாற்றி, ஸ்வரத்தைக் கீழே வளைத்து அவற்றை எடுப்பார்கள். அதற்கு மாதக்கணக்கில் பழகணும்.

இப்போதைக்கு 4 முதல் 7 வரை வாசியுங்கள், முழு ஸ்தாயியும் அங்கே இருக்கிறது. ஒன்று கவனம்: 4 முதல் 6 வரை ஊதினால் கீழ் ஸ்வரம், உள்ளிழுத்தால் அதற்கு மேல் ஸ்வரம்; 7இல் மட்டும் முறை தலைகீழ். உள்ளிழுத்தால் நி, ஊதினால் மேல் ஸ.

அப்புறம், பட்டி கிரீனை வெறும் வித்தைக்காரராக நினைக்காதீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து மேகன் ஊர்க்காரர். 80களில் கன்ட்ரி இசைப் பாடகர் ஜெர்ரி ரீட் குழுவில் வாசித்தவர். மார்க் லௌரி 1984இல் எழுதிய 'மேரி, டிட் யூ நோ' என்ற கிறிஸ்துமஸ் பாடல் வரிகளுக்குப் பின்னாளில் மெட்டமைத்தவரும் அவர்தான். மைக்கேல் இங்லிஷ் குரலில் 1991இல் வந்தது. எனக்கென்னவோ அந்த மெட்டுதான் கார்னகி ஹால் வேகத்தைவிடப் பெரிது.